செவல படுத்த எடம்

வீட்டுக்குச் சக்கரம் வச்சிருக்காங்களாம், அத ஜீப்புல கட்டி இழுத்துக்கிட்டு வாராங்களாம்னு எங்கப்பா வந்து சொன்னப்போ, அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டு இருந்த எங்கம்மா தலைய நிமித்தவே இல்ல. "அப்ப அடுப்பு எப்படிங்க, ஓடிக்கிட்டே எரியுமா?"ன்னு மட்டும் கேட்டா. எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரல. வீடு ஓடுதுன்னா வாசப்படியும் கூடவே ஓடுமா, வீட்டுக்குள்ள இருக்கிற பூனைக்குத் தெரியுமா தெரியாதா, இதே ரோசனதான்.

எனக்கு அப்ப எட்டு வயசு இருக்கும், ஒம்போதும் இருக்கலாம். எங்க வயச யாரு எழுதி வச்சா. வெள்ளக்காரன் நாட்ட உட்டுப் போயி ரெண்டு மூணு வருசம் ஆச்சின்னு பெரியவங்க பேசிக்குவாங்க. ஆனா எங்க தோட்டத்துப் பெரிய தொர வெள்ளக்காரர்தான், பங்களாவுல காலையில எந்திரிச்சி நாய கூட்டிக்கிட்டு நடந்துக்கிட்டுதான் இருந்தாரு. அதனால போனது எந்த வெள்ளக்காரன்னு எனக்கு ரொம்ப நாளா வெளங்கல. தெமோதரைக்கும் பதுளைக்கும் நடுவுல எங்க தோட்டம். மேல ரயிலு போகும், கீழ ஆறு போகும், நடுவுல நாங்க தேயிலைக்குள்ள. அந்த ஆத்துக்கு வெளியாளுங்க பேரு வச்சிருந்தாங்க. எங்களுக்கு ஆறு, அவ்வளவுதான். ஒரு ஆறு இருக்கிறவங்களுக்கு பேரு எதுக்கு.

எங்கப்பா பங்களா மாட்டுக்காரர். அஞ்சு மாடு. அதுல மூத்தது செவல. அவ நெத்தியில வெள்ளையா ஒரு பொட்டு, பொம்பள குளிச்சிட்டு வந்து விபூதி வச்ச மாதிரி. மாட்டப் பத்திப் பேச ஆரம்பிச்சா நான் நிறுத்த மாட்டேன், அத உடுங்க.

ஒரு நா விடியக்காலம் அப்பா பால் கறந்துக்கிட்டு இருக்காரு, நான் கன்ன புடிச்சிக்கிட்டு நிக்கிறேன். பெரிய தொர தொழுவத்துக்கே வந்துட்டாரு. தொரைக்கு எங்க பேச்சு வரும். வார்த்தையெல்லாம் தனித்தனியா வந்து நிக்கும், காலையில வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக்கு வந்த ஆளுங்க வரிசையில நிக்கிற மாதிரி. "தம்பி வாறது. சக்கர வீடு ஒண்ணு. கூடாரம் ரெண்டு. பொம்பள, புள்ள, எல்லாம். ஆறு பக்கம். எங்க இருந்தா நல்லம்? நீ சொல்லு"ன்னாரு.

எங்கப்பா மடியில வச்ச கைய எடுக்கல. பாலு வாளியில விழுற சத்தம் நின்னு போச்சு. செவல திரும்பி, என்ன ஆச்சி இந்த மனுசனுக்குன்னு பாத்தா. அப்புறந்தான் அப்பா, "பாத்து சொல்றேங்க தொர"ன்னாரு. அந்தக் கொரலு எனக்குப் புதுசா இருந்துச்சி. காதுகுத்துக்குத் தாய்மாமன கூப்புட்டா ஒரு பெருமையும் ஒரு பயமுமா பேசுவாங்களே, அப்படி.

அன்னைக்குச் சாயங்காலம் என்னையும் செவலையையும் கூட்டிக்கிட்டு ஆத்தோரம் பூரா நடந்தாரு. இம்புட்டு வருசம் மாடு மேச்ச எடம்தான், ஆனா இப்பதான் மொதமொதல்ல பாக்கிற மாதிரி பாத்தாரு. மண்ண அள்ளி மோந்து பாத்தாரு. பீடிய பத்த வச்சி குடிக்காம கையில புடிச்சிக்கிட்டு பொக எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்தாரு. ஒரு முழத்துக்கு குழி தோண்டி, தோண்டுன மண்ண திருப்பிப் போட்டு மூடுனாரு. மண்ணு மிஞ்சுனா அது மனுசன் இருக்க நல்ல எடம், பத்தாம போனா ஆகாது. ஆத்து வளைவுல வெள்ள மணலா, பாய் விரிச்ச மாதிரி ஒரு எடம் இருந்துச்சி, மேல பெரிய மாரா மரம் நெழலு. எனக்கு அது ரொம்பப் புடிச்சிருந்துச்சி. அங்க மண்ணு பத்தல. மரத்துக் கெளையில, அப்பா நெஞ்சு ஒசரத்துக்கு, காஞ்ச சருகும் நாரும் சுத்திக்கிட்டுக் கெடந்துச்சி. குருவிக்கூடுன்னு நெனச்சி நான் எட்டிப் பாத்தேன், உள்ள முட்ட ஒண்ணும் இல்ல. அப்பாவும் அதயே பாத்துக்கிட்டு நின்னாரு.

அப்புறம் மேல ஏறுனோம். ஒரு பாறைக்குப் பின்னால கொய்யா மரம் நாலு, நடுவுல புல்லுத் தர. அங்க மண்ணு ஒரு கை மிஞ்சிச்சி. அப்பா சிரிச்சாரு. செவல தானாப் போயி அங்க படுத்துக்கிட்டா. அவ தெனமும் மத்தியானம் அங்கதான் படுப்பா, நாலு கால மடக்கி ராணி மாதிரி.

வீட்டுக்கு வந்து சோறு திங்கும்போதும் இதே பேச்சுதான். காலையில வெயிலு வாசல்ல விழும், மேக்காத்து பாறையில அடிச்சிட்டுப் போயிரும், கொடத்த தூக்கிக்கிட்டு ஏறுனா மூச்சு வாங்காது, தண்ணி ரொம்பக் கிட்டவும் இல்ல, ரொம்ப எட்டவும் இல்லன்னு அடுக்கிக்கிட்டே போனாரு. அம்மா வெத்தல போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா. "தொரசானி கொடம் தூக்கப் போறாளாக்கும்"ன்னா.

"தூக்காட்டி என்ன, எடம் எடந்தானே."

"நாலு நா இருக்கப் போறவங்களுக்கு வாசக்கால் வைக்கிற மாதிரி பேசுறீங்க."

அப்பா கைய கழுவிட்டு வாசல்ல போயி நின்னு பாறப் பக்கம் பாத்தாரு.

மறுநா தொர, கணக்கப்பிள்ளை, அப்பா மூணு பேரும் ஆத்தோரம் வந்தாங்க. கணக்கப்பிள்ளைன்னா வேல பாக்குறவர், பேரு பதியிறவர், எங்களுக்கு அவரு பாதி தொர. அப்பா வாயத் தொறக்கிறதுக்கு முன்னாடியே அவரு மணல் வளைவக் காட்டி, "இதுதான் தொர எடம். ஜீப்பு நேரா வரும், தண்ணி கண்ணு முன்னால. வேற எங்க தேடுறது"ன்னுட்டாரு. அப்பா பக்கம் திரும்பி, "என்னப்பா, சரிதானே?"ன்னாரு. அப்பா "ஆமாங்க ஐயா"ன்னாரு. எனக்கு ஆச்சரியமாப் போச்சி. ராத்திரி பூரா பாறைக்குப் பின்னாலன்னு சொன்ன மனுசன்.

ஆனா உடனே தலைய சொறிஞ்சிக்கிட்டு, "எங்காளுங்க எடம் பாத்தா பசுவ உட்டுப் பாப்பாங்க தொர. அது எங்க போயி படுக்குதோ அது நல்ல எடம். சும்மா ஒரு தடவ பாப்போங்க, நாளைக்கு மத்தியானம்"னாரு. தொரைக்கு அது பெரிய வேடிக்கையாப் போச்சி. இடுப்புல கைய வச்சி சிரிச்சாரு. சரி, மாடு சொல்லட்டும்னாரு. கணக்கப்பிள்ளையும் சிரிச்சாரு, மாட்டோட போயி யாரு மல்லுக்கு நிப்பா.

இப்ப என் கதைய சொல்றேன். நான் பண்ணுனத இன்னைக்கு நெனச்சாலும் ஒரு பக்கம் பயமா இருக்கும், ஒரு பக்கம் சிரிப்பு வரும். பாறைக்குப் பின்னால வச்சா நாங்க வரிசையா குடியிருந்த லயத்துலயிருந்து ஒண்ணுமே தெரியாது. மணல் வளைவுல வச்சா எங்க ஒத்த அறைக் காம்பரா வாசப்படியில உக்காந்துக்கிட்டே சக்கர வீட்ட நாள் பூரா பாக்கலாம். சக்கர வீடு கண்ணுக்குத் தெரியாத எடத்துல வந்து நின்னுட்டுப் போனா நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க. சித்திர மாசம், பலாப்பழக் காலம். பங்களாவுல சமைக்கிற குசினிக்குப் பின்னால பலாச்சக்க கொட்டையோட குமிஞ்சி கெடக்கும். காலையில பாவாடையில ரெண்டு நட அள்ளிக்கிட்டுப் போயி, மாரா மரத்தடியில கொட்டி, மேல சருக போட்டு மூடிட்டேன். மாட்டுக்குப் பலாச்சக்கன்னா உசுரு, உங்களுக்கே தெரியும்.

மத்தியானம் தொர வந்து நின்னாரு. அப்பா செவல கயித்த அவுத்து உட்டு, "போ தாயி"ன்னாரு. அவ பாறப் பக்கம்தான் நாலு அடி வச்சா. அப்பா மொகத்துல ஒரு நெலவு வந்துச்சி. அப்புறம் மூக்கத் தூக்கி மோந்தா. திரும்புனா. விறுவிறுன்னு மணலுக்கு எறங்கிப் போயி, சருக தள்ளி, கடைசிச் சொள நாரு வரைக்கும் தின்னுட்டு, மாரா மரத்தடியில சுகமா படுத்து அச போட ஆரம்பிச்சிட்டா. அவங்க நின்ன எடத்துலயிருந்து பாத்தா புல்லு மேயிற மாதிரிதான் இருந்துச்சி. கணக்கப்பிள்ளை கைய தட்டுனாரு. "பாத்தியா, மாட்டுக்கும் நான் சொன்ன எடந்தான் புடிச்சிருக்கு." தொர அப்பா தோள்ல தட்டிட்டுப் போனாரு. அப்பா மட்டும் கயித்த கையில சுத்திக்கிட்டே நின்னாரு. அவரு மொகத்துல இருந்த நெலவு போயிருச்சி. ஏன்னு எனக்கு வெளங்கல. மாடுதானே சொல்லிச்சி, இவருக்கென்ன.

வந்துச்சி பாருங்க சக்கர வீடு. அடேயப்பா. வெளுத்த பச்சக் கலரு, முட்ட மாதிரி மூல எல்லாம் வழவழன்னு, சன்னல்ல பூப்போட்ட தெர, பொக போக சின்னதா ஒரு கொழாய். பக்கத்துல என்னமோ எழுதியிருந்துச்சி, அன்னைக்கும் எனக்குப் படிக்கத் தெரியாது, இன்னைக்கும் தெரியாது, ஆனா எழுத்து செவப்பு. கூடாரம் ரெண்டும் ஆள் பாத்துக்கிட்டு இருக்கும்போதே கொக்கு ரெக்கைய விரிக்கிற மாதிரி எந்திரிச்சி நின்னுச்சி. தொர தம்பி குடும்பம் ஒண்ணு, அவங்க சினேகிதக் குடும்பம் ஒண்ணு, வெள்ளப் புள்ளைங்க அஞ்சாறு. அதோட தொரையோட அம்மா, வயசான கெழவி, நடக்க முடியாது. அவ சக்கர வீட்டுக்குள்ளயே சன்னல் ஓரமா உக்காந்திருப்பா. பஞ்சு மாதிரி தல. கோயில் கர்ப்பகிரகத்துல அம்மன் இருக்கிற மாதிரியே எனக்குப் பட்டுச்சி.

காலையில அப்பாவோட பாலு கொண்டு போவேன். ஒரு நா கெழவி என்ன கைய காட்டி உள்ள கூப்புட்டா. ஏறிட்டேன். செவுத்துலயிருந்து தண்ணி வருது. பலகைய இழுத்தா கட்டிலு, மடக்கிட்டா கட்டிலக் காணோம். சாமானெல்லாம் அது அதுக்கு ஒரு பொந்து. கெழவி ஒரு பிஸ்கட் குடுத்தா, அத திங்கவும் மனசில்லாம வச்சிருந்து எறும்பு தின்னுச்சி. வந்து அம்மாகிட்ட ஒண்ணு விடாம சொன்னேன். "எம்புட்டுப் பெருசுடி இருக்கும்?"ன்னு கேட்டா. அப்பதான் ரோசன பண்ணிப் பாத்தேன். நம்ம காம்பரா அளவுதாம்மா இருக்குன்னேன். அம்மா சுத்திப் பாத்தா. அதுக்குள்ள நாங்க ஏழு பேரு, ஆட்டுக்குட்டி ஒண்ணு. "அப்ப சக்கரந்தான் வித்தியாசம்"னா.

மூணாவது நா மத்தியானம். ஆம்பளைங்க எல்லாம் ஜீப்ப எடுத்துக்கிட்டு பதுளைக்கு சாமான் வாங்கப் போயிட்டாங்க, பெரிய தொரயும் கூட. எங்க தலைக்கு மேல நல்ல வெயிலு. மேல மலைப் பக்கம் மட்டும் வானம் கத்தரிக்கா நெறத்துல இருந்துச்சி. அப்பா மாட்ட தண்ணி காட்ட எறக்குனாரு. தண்ணி சாயம் எறங்குன தேத்தண்ணி கணக்கா மாறிக்கிட்டு இருந்துச்சி, நொரையும் பச்ச எலையும் மெதந்துச்சி. அப்பா குனிஞ்சி காது குடுத்துக் கேட்டாரு. எங்கயோ மேல கல்லு உருளுற சத்தம், தூரத்துல ரயிலு வாற மாதிரி. அப்படியே மாட்ட மேட்டுப் பக்கம் வெரட்டி உட்டுட்டு ஓடுனாரு.

தொரசானிங்க பாய் போட்டு உக்காந்திருந்தாங்க. அப்பா ஆத்தக் காட்டுறாரு, மேட்டக் காட்டுறாரு, கும்புடுறாரு. அவங்க வெயிலப் பாத்துட்டு சிரிக்கிறாங்க. கடைசியில அப்பா, வாயில வெரல வச்சிக்கிட்டு நின்ன ஒரு சின்னப் புள்ளைய தூக்கி இடுப்புல வச்சிக்கிட்டு பாறையப் பாத்து நடந்துட்டாரு. தொரசானிங்க கத்திக்கிட்டே பின்னால ஓடுனாங்க, மத்தப் புள்ளைங்களும் ஓடுச்சிங்க. எல்லாரும் மேட்டுக்கு வந்தாச்சி. வெள்ளக்காரப் புள்ளைய மாட்டுக்காரன் தூக்குனத பாத்து மேல மலையில கொழுந்து எடுத்துக்கிட்டு இருந்த பொம்பளைங்க எல்லாம், எங்கம்மாவும், கூடையோட எறங்கி வந்துட்டாங்க. ஆனா கெழவி கீழ, வீட்டுக்குள்ள.

கணக்கப்பிள்ளையும் வந்தாரு. அப்பா, "வீட்ட இழுக்கணும்ங்க ஐயா, கெழவியோட"ன்னாரு.

"தொர வராம வண்டியில கை வச்ச, நாளைக்கு பத்துச்சீட்டுதான் உனக்கு. மழத் துளி ஒண்ணு விழல, வெள்ளமாம். உன் மாடு காட்டுன எடந்தானேய்யா?"

பத்துச்சீட்டுன்னா வேலைய உட்டு நிறுத்துறது. வேல போனா காம்பராவும் போகும். அன்னைக்கே சட்டி முட்டியத் தூக்கிக்கிட்டு ஏழு பேரும் ரோட்டுல நிக்கணும். அது எனக்கே தெரியும். அப்பா எங்கம்மாவப் பாத்தாரு. அம்மா கூடைய கழட்டி கீழ வச்சா. "தேர்வடம் கோயில்ல சும்மாதானே கெடக்கு"ன்னா.

மாரியம்மன் தேர் இழுக்கிற வடம் அது. கோயிலு பக்கத்துலதான். சாமிக்குத் தவிர அத யாரும் தொட்டதில்ல. நாலு பொம்பளைங்க ஓடிப் போயி, விழுந்து கும்புட்டுட்டு, தூக்கிட்டு வந்தாங்க. வீட்டு மூக்குல கட்டுனாங்க. இந்தப் பக்கம் பொம்பளைங்க, அந்தப் பக்கம் தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டிக்கிட்டு இருந்த ஆம்பளைங்க, ஒரு நாப்பது அம்பது பேரு. சக்கரம் மணல்ல பொதஞ்சி அசையல. யாரோ ஒருத்தர் பழக்கத்துல "அரோகரா"ன்னாரு. எல்லாரும் "அரோகரா"ன்னாங்க. அவ்வளவுதான், வீடு அசைஞ்சிருச்சி.

நான் எத்தனையோ தேரு பாத்துட்டேன், அது மாதிரி ஒண்ணு பாக்கல. பச்ச வீடு ஆடி ஆடி மேட்டுல ஏறுது. உள்ள பாத்திரம் எல்லாம் மணி அடிக்கிற மாதிரி சத்தம் போடுது. சன்னல்ல அந்தக் கெழவி, கம்பிய ரெண்டு கையால புடிச்சிக்கிட்டு, பயந்தாளா சந்தோசப்பட்டாளா தெரியாது, எல்லாரையும் பாத்துத் தலைய தலைய ஆட்டுறா. பாதி வழியில கணக்கப்பிள்ளையே பின்னால வந்து தோளக் குடுத்துட்டாரு. ஏன்னா அப்பத்தான் ஆறு வந்துச்சி. தண்ணின்னு சொல்ல முடியாது. செவப்பா, மரமும் கல்லுமா, செவுரு நடந்து வாற மாதிரி வந்துச்சி. ரெண்டு கூடாரமும் எந்திரிச்சி ஒரு தடவ சுத்துச்சி, வெள்ளயா, அப்புறம் காணோம். மாரா மரத்துல, குருவிக்கூடு தொங்குன அதே ஒசரத்துல, புது சருகு வந்து சுத்துச்சி. அப்பத்தான் அது என்ன கூடுன்னு எனக்குத் தெரிஞ்சிச்சி.

பாறைக்குப் பின்னால, கொய்யா மரத்துக்கு நடுவுல கொண்டாந்து நிறுத்திட்டாங்க. எல்லாரும் மூச்சு வாங்கி உக்காந்துட்டாங்க. அப்பா மட்டும் சுத்தி வந்து பாத்துட்டு, "இன்னும் கொஞ்சம் திருப்புங்க. வாசல் கெழக்க பாத்து நிக்கட்டும்"னாரு. அம்மா தலையில அடிச்சிக்கிட்டா. ஆனா எந்திரிச்சி திருப்புனாங்க.

சாயங்காலம் ஜீப்பு வந்துச்சி. தொர அவரோட கெழவி அம்மா கைய புடிச்சிக்கிட்டு ரொம்ப நேரம் நின்னாரு. அப்புறம் அப்பாவ கூப்புட்டு ஒரு கம்பளி குடுத்தாரு. குடுத்துட்டு, "ஆனா உன் மாடு முட்டாள்"ன்னாரு. "ஆமாங்க தொர, மாடுதாங்க தப்பு பண்ணிருச்சி"ன்னாரு அப்பா. எல்லாரும் சிரிச்சாங்க. நான் தொழுவத்துக்குப் போயி செவல கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதேன். அப்பா பின்னால வந்து நின்னாரு. நாந்தாம்ப்பா பலாச்சக்க போட்டேன்னு சொல்லிட்டேன்.

"தெரியும். மறுநா சாணியில பலாக்கொட்ட கெடந்துச்சே."

"தெரிஞ்சும் ஏம்ப்பா தொரகிட்ட சொல்லல?"

"மாட்ட தொர ஒண்ணும் பண்ண மாட்டாரு, தாயி"ன்னாரு. மாடு பேசுனா யாரும் கோவிக்க மாட்டாங்கன்னுதான் அவரு மொதல்லயே செவலைய கூட்டியாந்தாருன்னு புரியிறதுக்கு எனக்குக் கலியாணம் ஆக வேண்டியிருந்துச்சி.

ரெண்டு நா கழிச்சி அவங்க போயிட்டாங்க. கொய்யா மரத்தடியில சக்கரத் தடம் மட்டும் இருந்துச்சி. அப்பா தெனமும் மாட்ட அங்கதான் கொண்டு போவாரு. கொஞ்ச நாளுல சக்கரத் தடத்துக்குள்ள ஒரு மூலையில மூணு கல்லு வந்துச்சி, அடுப்பு மாதிரி. அப்புறம் வாசல் இருந்த எடத்துல ஒரு முருங்கக் கம்பு நட்டிருந்தாரு. பக்கத்துல உக்காந்து பீடி குடிச்சிக்கிட்டு கெழக்க பாத்துக்கிட்டு இருப்பாரு. அவரு பொறந்தது தோட்டம் குடுத்த காம்பரா, எங்கள பெத்ததும் தோட்டம் குடுத்த காம்பரா. எங்க இருந்தா நல்லம்னு அவர ஒரு ஆளு கேட்டது அந்த ஒரே ஒரு நாதான், அதுவும் அடுத்தவங்களுக்கு, நாலு நாளைக்கு. இதெல்லாம் இப்ப சொல்றேன். அப்ப நான், முருங்கக் கம்பு துளிர்த்திருக்கான்னு பாத்துக்கிட்டே, "இது யாருக்குப்பா?"ன்னு கேட்டேன்.

"செவலைக்கு"ன்னாரு.

நானும் போயி அவகிட்ட சொன்னேன், உனக்கு அப்பா வீடு பாத்திருக்காருன்னு.